கேஷுவாலிட்டி வாசலில் நிற்கும் குடும்பத்தை என்ன செய்வது?

கேட்டவர், மாவட்டத் தலைமை மருத்துவமனை ஒன்றின் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கும் செவிலியர். கேள்வி சுருக்கமாக இது: "ஒரு நோயாளிக்கு ஏழெட்டுப் பேர் கூட வருகிறார்கள். எல்லாரையும் வெளியே அனுப்பினால் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிறார்கள். உள்ளே விட்டால் ட்ராலியைத் திருப்ப இடமில்லை. குடும்பத்தையும் சிகிச்சையில் சேர்த்துக்கொள்ளச் சொல்லிப் பயிற்சியில் சொல்கிறார்கள். இரவு டியூட்டியில் இதெல்லாம் நடக்கிற காரியமா?"

நடக்கிற காரியம்தான். ஆனால் முதலில் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். நம் அரசு மருத்துவமனைகளில் குடும்பம் ஏற்கெனவே சிகிச்சைக்குள்தான் இருக்கிறது. ட்ராலி தள்ளுவது, ஓ.பி. சீட்டுப் போடுவது, ரத்த சாம்பிளோடு லேபுக்கு ஓடுவது, சி.டி. ஸ்கேன் எங்கே என்று வழி கேட்டு அலைவது எல்லாம் அவர்கள்தான். வேலைக்கு உள்ளே கூப்பிடுகிறோம், விவரம் கேட்டால் வெளியே போகச் சொல்கிறோம். அவர்களுக்கு எரிச்சல் வருவது இந்த இடத்தில்தான். யார் உள்ளே இருப்பது, எங்கே நிற்பது, என்ன செய்வது, அடுத்த தகவல் எப்போது வரும் என்ற நான்கையும் முதல் பத்து நிமிடத்தில் சொல்லிவிட்டால் கதவு தட்டுவது பெருமளவு குறையும்.

வாசலிலேயே கேட்க வேண்டிய முதல் கேள்வி "நீங்க இவருக்கு யாரு?" என்பது. சாலை விபத்தில் ட்ராலியோடு உள்ளே வருபவர் பல நேரம் வழிப்போக்கர். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்த்த 134ஏ பிரிவின் கீழ் வந்த விதிகளின்படி அவர் பெயர், முகவரி சொல்ல வேண்டிய கட்டாயமே இல்லை. அவரிடம் கையெழுத்துக் கேட்பதும், "போலீஸ் வர்ற வரைக்கும் இருங்க" என்பதும் தவறு. எங்கே, எத்தனை மணிக்கு, எப்படிக் கிடந்தார், நினைவு இருந்ததா என்று நான்கு வரி கேட்டுக்கொண்டு நன்றி சொல்லி அனுப்பிவிடலாம்.

குடும்பம் வந்துவிட்டால் இரண்டு பேரைப் பிரித்தெடுங்கள். ஒருவர் உள்ளே நிற்கும் ஆள், இன்னொருவர் ஓடும் ஆள். இரண்டு வேலையையும் ஒருவரிடமே கொடுப்பதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு. நோயாளியின் மாத்திரை விவரம் தெரிந்த மகளை ரத்த வங்கிக்கு அனுப்பிவிடுவோம். அந்த இருபது நிமிடத்தில்தான் டாக்டர் வந்து "என்ன மாத்திரை சாப்பிடுறார்?" என்பார். மிச்சம் நிற்கும் மாமாவுக்கு ஒன்றும் தெரியாது.

உள்ளே நிற்க, சத்தமாகப் பேசுகிறவரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். "இவர்கூட ஒரே வீட்ல இருக்கிறது யாரு? தினம் மாத்திரை எடுத்துக் குடுக்கிறது யாரு?" என்று கேளுங்கள். முன்னால் நின்று பேசுவது மச்சானாக இருக்கும், விவரம் முழுதும் பின்னால் ஓரமாக நிற்கும் மருமகளிடம் இருக்கும். அவர் பெயர், உறவுமுறை, செல் எண் மூன்றையும் கேஸ் ஷீட்டின் தலைப்பிலேயே எழுதுங்கள். எண்ணை வாங்கியதும் ஒரு மிஸ்டு கால் கொடுத்துப் பாருங்கள். பதற்றத்தில் சொந்த எண்ணையே மாற்றிச் சொல்வார்கள், சார்ஜ் இல்லாமலும் இருக்கும். அதனால் இரண்டாவது எண் ஒன்று அவசியம்.

எத்தனை பேரை உள்ளே விடுவது என்பதை, நோயாளியின் அவசர நிலைக்கு ஏற்பக் கொடுக்கும் நிறத்தை வைத்து முடிவு செய்யலாம். தமிழ்நாடு விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் திட்டத்தில் வரும் மருத்துவமனைகளில் மிக அவசரமானவர் சிவப்பு, அடுத்தவர் மஞ்சள், காத்திருக்கக்கூடியவர் பச்சை என்ற பிரிப்பு இருக்கிறது. சிவப்பில் முதல் சில நிமிடங்கள், மூச்சுக்குழாய் போடுவது, ரத்தம் நிறுத்துவது போன்ற வேலை நடக்கும்போது உறவினர் திரைக்கு அந்தப் பக்கம். நிலைமை கைக்கு வந்ததும் ஒருவர். மஞ்சளிலும் பச்சையிலும் எப்போதும் ஒருவர். இதற்கு விலக்குகள் உண்டு. குழந்தை என்றால் எந்த நிறமானாலும் அம்மாவோ அப்பாவோ கண்ணில் படும் தூரத்தில் இருக்க வேண்டும். நினைவு தடுமாறும் முதியவர், காது கேளாதவர், மனநலக் கோளாறு உள்ளவர், தமிழ் தெரியாத வெளிமாநிலத் தொழிலாளி ஆகியோருக்கும் அப்படித்தான். ஒடிசாவிலிருந்து வந்த பையனுக்கு மொழிபெயர்க்க மேஸ்திரி வருவார். அவர் சொல்வதை மட்டும் வைத்து எழுதிவிடாதீர்கள். வேலை இடத்து விபத்து என்றால் அவருக்கும் அதில் பங்கு இருக்கலாம். உடன் தங்கியிருக்கும் இன்னொரு பையனைக் கூப்பிடச் சொல்லுங்கள், அல்லது ஊரில் இருக்கும் வீட்டாரிடம் போனில் பேச வையுங்கள்.

அடுத்து, குடும்பத்திடமிருந்து விவரம் வாங்குவது. குடும்பப் பங்கேற்பு என்றதும் ஆறுதல், அனுதாபம் என்றே எல்லாரும் நினைக்கிறார்கள். உயிரைக் காப்பாற்றுவதில் குடும்பத்தின் பெரிய பங்கு அவர்கள் தரும் தகவலில்தான் இருக்கிறது, அதுவும் நாம் எப்படிக் கேட்கிறோம் என்பதில்.

பக்கவாதத்தை எடுத்துக்கொள்வோம். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட வழக்கமான கெடு நாலரை மணி நேரம். "எப்ப ஆச்சு?" என்று கேட்டால் "காலைல ஆறு மணிக்குப் பாத்தோம்" என்பார்கள். அது அவர்கள் பார்த்த நேரம், நடந்த நேரம் இல்லை. "கடைசியா எப்ப நல்லா இருந்தார்?" என்று கேட்டால் "ராத்திரி பத்து மணிக்குப் படுத்தார்" என்று வரும். அதோடு விட்டால் கெடு தாண்டிவிட்டதாகத்தான் கணக்கு. இன்னும் ஒரு கேள்வி கேளுங்கள்: "நடுவுல ஒண்ணுக்குப் போக எழுந்தாரா? தண்ணி கேட்டாரா?" மனைவி யோசித்து, "ஆமா, நாலு மணிக்கு எழுந்து போனார், ஃபேனைக் குறைக்கச் சொன்னார்" என்றால் கடிகாரம் நாலு மணியிலிருந்து ஓட ஆரம்பிக்கிறது. எட்டரை வரை நேரம் இருக்கிறது. அந்த ஃபேன் விஷயம் தெரிந்தவர் வாசலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தால் ஊசி கிடைக்காமலே போகும்.

சர்க்கரை நோயாளி மயங்கி வந்து, சர்க்கரை குறைந்திருக்கிறது என்று குளுக்கோஸ் ஏற்றியதும் எழுந்து உட்கார்ந்துவிடுவார். குடும்பம் உடனே கிளம்பத் தயாராகும். கிளைமிப்ரைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் சில மணி நேரத்தில் சர்க்கரை மறுபடி இறங்கும், குறைந்தது ஒரு நாள் பார்க்க வேண்டும். அதற்கு எந்த மாத்திரை என்று தெரிய வேண்டும். "வெள்ளை மாத்திரை, சின்னது" என்பது பதில் ஆகாது. வீட்டில் இருப்பவர்களிடம் மாத்திரைப் பையை அப்படியே கொட்டி போட்டோ எடுத்து வாட்ஸ்ஆப்பில் அனுப்பச் சொல்லுங்கள். கூடவே பழைய ஈ.சி.ஜி., டிஸ்சார்ஜ் சம்மரி. இரண்டு நிமிட வேலை.

குழந்தைக்குக் காய்ச்சல் என்று வந்தால் "பாராசிட்டமால் குடுத்தீங்களா?" என்று மட்டும் கேட்பது பாதிக் கேள்வி. "ஒரு மூடி குடுத்தோம்" என்பார்கள். பாட்டிலைப் பார்க்க வேண்டும். ஒரு கிலோ எடைக்கு 15 மி.கி. கணக்கில் 10 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 150 மி.கி. 5 மி.லி.க்கு 125 மி.கி. உள்ள சிரப் என்றால் 6 மி.லி., 250 மி.கி. உள்ளது என்றால் 3 மி.லி. போதும். கடையில் பாட்டில் மாறி, வீட்டில் அளவு மாறாமல் இருந்தால் ஒவ்வொரு வேளையும் இரட்டிப்பு போகும். கடைசி வேளை எப்போது என்பதையும் எழுதிக்கொண்டால் இங்கேயும் மறுபடி கொடுக்க மாட்டோம்.

விஷம் குடித்தவர்கள் விஷயத்தில் குடும்பத்தின் பங்கு இன்னும் பெரிது. டப்பா, கவர், பாட்டில், மிச்சம் எது இருந்தாலும் கொண்டுவரச் சொல்லுங்கள். "என்ன முதலுதவி செஞ்சீங்க?" என்று குற்றம் சாட்டும் குரல் இல்லாமல் கேளுங்கள். உப்புத் தண்ணீரோ சாணிக் கரைசலோ ஊற்றியிருந்தால் நுரையீரலுக்குள் போயிருக்கலாம். திட்டுவார்கள் என்ற பயத்தில் அதை மறைப்பார்கள். கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் இன்னொரு குழப்பமும் உண்டு. "சாணி குடிச்சா" என்றால், வாந்தி எடுக்க வைக்கக் கொடுத்த மாட்டுச் சாணமா, வாசல் தெளிக்கும் சாணிப் பவுடரா? இரண்டாவது தொழிற்சாலைச் சாயம். ஒரே சொல்லில் கேட்டு ஒரே சொல்லில் எழுதினால் விஷம் எது, முதலுதவி எது என்று மாறிவிடும்.

எலி பேஸ்ட்டும் அரளி விதையும் குடும்பத்தை ஏமாற்றும் விஷங்கள். மஞ்சள் பாஸ்பரஸ் உள்ள எலி பேஸ்ட் தின்றவர் முதல் நாள் வாந்தி எடுப்பார், மறுநாள் தெளிவாக உட்கார்ந்து இட்லி கேட்பார். "நல்லாத்தானே இருக்கா, வீட்டுக்கு அனுப்புங்க" என்று குடும்பம் நிற்கும். மூன்றாம் நாள் வாக்கில் கல்லீரல் கெட ஆரம்பிக்கும். இதைக் குணமான பிறகு சொன்னால் நம்பமாட்டார்கள். அட்மிஷன் போடும்போதே சொல்ல வேண்டும்: "நாளைக்கு இவங்க நல்லா இருக்கிற மாதிரித் தெரியும். அப்பதான் நீங்க கூட்டிட்டுப் போகக் கூடாது. தினம் ரத்தம் எடுத்துப் பாத்து நாங்க சொல்ற வரைக்கும் இருக்கணும்." அரளியில் இதயத் துடிப்பு திடீரென்று குழம்பும், அதனால் மானிட்டர் ஒயரைக் கழற்றிவிட்டுக் கழிப்பறைக்குக் கூட்டிப் போகாதீர்கள் என்று காரணத்தோடு சொல்ல வேண்டும்.

பூச்சிமருந்து குடித்தவருக்கு முறிவு மருந்தாக அட்ரோபின் போய்க்கொண்டிருக்கும்போது நோயாளி உளறுவார், துணியைப் பிடித்து இழுப்பார், நாக்கு வறண்டு தண்ணீர் கேட்பார். "வந்தப்ப நல்லா இருந்தா, இங்க வந்துதான் பைத்தியம் மாதிரி ஆயிட்டா" என்ற புகார் வருவது இதனால். முன்கூட்டியே ஒரு வரி சொல்லி வைத்தால் புகாரும் வராது, பரிதாபப்பட்டுக் கொடுக்கும் அந்த ஒரு வாய்த் தண்ணீரும் போகாது. நனைந்த துணிகளைக் கவரில் கட்டிவிடுங்கள். அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அம்மாவின் தோல் வழியாகவும் பூச்சிமருந்து ஏறும்.

பாம்புக்கடியில் பாம்பை அடித்துக் கொண்டுவர வேண்டியதில்லை என்று சொல்லுங்கள். தேடிப் போனவரே அடுத்த நோயாளியாக வருவது உண்டு. கட்டு எத்தனை மணிக்குப் போட்டார்கள் என்று கேளுங்கள், அவர்களாக அவிழ்க்க விடாதீர்கள். கண்ணாடிக் குழாயில் 2 மி.லி. ரத்தத்தை எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைக்கும் சோதனை, பார்ப்பவருக்கு "ஊசி போடாம சும்மா வெச்சிருக்காங்க" என்றுதான் தெரியும். "இந்த ரத்தம் உறையுதான்னு பாக்கறோம், உறையலைன்னா விஷம் ஏறியிருக்கு, உடனே மருந்து போடுவோம்" என்று குழாயைக் காட்டிச் சொன்னால் அவர்களே கடிகாரம் பார்ப்பார்கள். ஆடாமலும் பார்த்துக்கொள்வார்கள். கட்டுவிரியன் கடியில் தடமே இருக்காது. இரவு தரையில் படுத்தவர் விடியலில் வயிற்று வலி என்று வருவார். இமை சரிகிறதா, பேச்சு குழறுகிறதா, எச்சில் விழுங்க முடிகிறதா, தலையைத் தூக்க முடிகிறதா என்ற நான்கையும் பக்கத்தில் இருப்பவருக்குச் செய்து காட்டிக் கற்றுக்கொடுங்கள். விஷமுறிவு மருந்து ஓடும்போது அரிப்பு, தடிப்பு, நடுக்கம், மூச்சிரைப்பு வந்தால் உடனே கூப்பிடச் சொல்லுங்கள். எட்டு படுக்கையைப் பார்க்கும் ஒரு செவிலியரைவிட, ஒரே முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் மனைவி அதை முதலில் கவனிப்பார். ஆனால் நம் பார்வைக்கு மாற்றாக அதைக் கருதக் கூடாது. குறித்த நேரத்தில் நாமும் போய்ப் பார்க்க வேண்டும்.

எந்த வேலையைக் கொடுக்கலாம், எதைக் கூடாது என்பதில் என் கருத்து கறாரானது. கையைப் பிடித்துக்கொள்வது, பேர் சொல்லிப் பேசிக்கொண்டிருப்பது, ஆக்சிஜன் மாஸ்க் நழுவாமல் பார்ப்பது, வாந்தி வந்தால் பக்கவாட்டில் திருப்பக் கூப்பிடுவது, வலி கூடுகிறதா என்று சொல்வது, இவையெல்லாம் சரி. ட்ரிப்ஸ் ரோலரைத் திருகுவது, சாப்பாடோ காபியோ கொடுப்பது, விபத்தில் வந்தவரைக் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கி உட்கார வைப்பது கூடாது. "ஒரு வாய் காபிதானே" என்று கொடுத்ததால் மயக்க மருந்து தள்ளிப்போகும், பாதி மயக்கத்தில் இருப்பவருக்குப் புரையேறும். படுக்கையில் "வாய்வழி எதுவும் கொடுக்கக் கூடாது" என்று தமிழில் எழுதிய அட்டை தொங்கட்டும். "என்.பி.ஓ." என்று எழுதினால் யாருக்குப் புரியும்?

மூச்சு கொடுக்கக் கையால் அமுக்கும் ஆம்பு பையை உறவினர் கையில் கொடுத்து அமுக்கச் சொல்வதைக் குடும்பப் பங்கேற்பு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது ஆள் பற்றாக்குறை. தன் கை சோர்ந்ததால்தான் அப்பா போனார் என்று ஒருவன் வாழ்நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருப்பான்.

ரத்த சாம்பிளை உறவினர் எடுத்துப் போவதை இப்போதைக்குத் தவிர்க்க முடியாது. குறைந்தபட்சம் லேபிளை நோயாளியின் பக்கத்திலேயே நின்று, ஐ.பி. (உள்நோயாளி) எண்ணோடு ஒட்டிய பிறகே குழாயைக் கொடுங்கள். ஒரே இரவில் இரண்டு முருகன், மூன்று செல்வி வருவது சகஜம். ரத்தம் மாறிப்போகும் விபத்து பெரும்பாலும் பெயரில்தான் தொடங்குகிறது. ரத்த தானத்துக்கு ஆள் கூப்பிடச் சொல்லும்போது 18 முதல் 65 வயது, குறைந்தது 45 கிலோ, ஹீமோகுளோபின் 12.5 என்பதையும் சொல்லிவிட்டால், தகுதியில்லாத பத்துப் பேர் வேனில் வந்து இறங்க மாட்டார்கள். தானம் கொடுத்தால்தான் ரத்தம் ஏற்றுவோம் என்ற தொனி மட்டும் வேண்டாம்.

குழந்தைக்கு ஊசி போடும்போது அம்மாவை "கையை அமுக்கிப் பிடிங்க" என்று சொல்லாதீர்கள். குழந்தையை அம்மாவின் மார்போடு மார்பாக மடியில் உட்கார வைத்து, கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். ஊசி போடும் கையை மட்டும் செவிலியர் பிடித்தால் போதும். படுக்க வைத்து நான்கு பேர் அமுக்குவதைவிட இது சீக்கிரம் முடியும். நெபுலைசரும் அப்படியே, மடியில். வலிப்புக்கு இரும்புச் சாவியைக் கையில் திணித்திருந்தால் அதற்காகச் சிரிக்கவோ திட்டவோ வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வைப்பதைக் காட்டிக்கொடுத்து, வாயில் எதையும் வைக்காதீர்கள் என்று சொன்னால் அடுத்த முறைக்கு ஆகும்.

இப்போது தகவல். பொறுப்பில் இருக்கும் டாக்டரோ மூத்த ஹவுஸ் சர்ஜனோ முதல் பதினைந்து நிமிடத்தில் ஒருமுறை பேச வேண்டும். அதன்பின் சிவப்பில் அரை மணிக்கு ஒருமுறை, மஞ்சளில் ஒரு மணிக்கு ஒருமுறை, நிலைமை மாறினால் உடனே. ஒவ்வொரு முறையும் மூன்று விஷயம்: இப்போது என்ன நிலை, என்ன செய்துகொண்டிருக்கிறோம், அடுத்து எப்போது வந்து சொல்வோம். மூன்றாவதுதான் கூட்டத்தைக் கட்டிப் போடுவது. "எட்டரைக்கு வந்து சொல்றேன்" என்றால் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லாவிட்டாலும் எட்டரைக்குக் கதவைத் திறந்து "ஸ்கேன் ரிப்போர்ட் இன்னும் வரலை, ஒன்பதுக்கு வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். ஒருமுறை தவறினால் அதன்பின் எந்த நேரம் சொன்னாலும் எடுபடாது.

"ஒண்ணும் பயப்பட வேணாம்", "சீரியஸ்", "எழுபத்திரண்டு மணி நேரம் கழிச்சுதான் சொல்ல முடியும்" ஆகிய மூன்றும் எதையும் சொல்லாத வாக்கியங்கள். மூன்று நாள் தாண்டினால் பிழைத்துவிடுவார் என்றே குடும்பம் எடுத்துக்கொள்ளும். அதற்குப் பதில் இப்படி: "மண்டைக்குள்ள ரத்தம் கட்டியிருக்கு. மூச்சு சரியா விட முடியலை, அதனால குழாய் போட்டு மிஷின்ல வெச்சிருக்கோம். உயிருக்கு ஆபத்து இருக்கு. நரம்பு டாக்டர் பாத்துட்டு ஆபரேஷன் வேணுமான்னு சொல்வார்." சொல்லி முடித்ததும், "வெளிய போயி மத்தவங்களுக்கு என்னன்னு சொல்வீங்க?" என்று கேளுங்கள். அவர் திருப்பிச் சொல்வதில் எது புரியவில்லை என்று தெரிந்துவிடும். பத்துப் பேருக்குப் பத்து விதமாகப் பரவாது.

பணத்தைப் பற்றியும் வாய்விட்டுச் சொல்லுங்கள். விபத்து என்றால், 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் கேட்பதில்லை, பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் அப்படித்தான், காப்பீட்டு அட்டை இல்லாவிட்டாலும் உண்டு. இது தெரியாமல்தான் ஓடும் ஆள் நகை அடகு வைக்க ஓடிக்கொண்டிருப்பார்.

சம்மதக் கையெழுத்தில் ஒரு பழைய பழக்கம் இன்னும் போகவில்லை. நினைவோடு இருக்கும் வயது வந்த பெண்ணிடம் கேட்காமல் வெளியே நிற்கும் கணவரிடம் படிவத்தை நீட்டுவது. அவர் உடல், அவர் கையெழுத்து. குடும்பத்துக்கு விளக்குவது அதற்கு மேல். நோயாளிக்கு நினைவில்லை, உறவினர் யாரும் வரவில்லை, உயிர் போகும் நிலை என்றால் காத்திருக்க வேண்டாம். நல்லெண்ணத்தில் செய்யும் சிகிச்சையைப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 30-ஆம் பிரிவு பாதுகாக்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தில் இது 92. போலீஸ் நடைமுறை முடியட்டும் என்று சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே பரமானந்த் கட்டாரா வழக்கில் சொல்லிவிட்டது.

குடும்பத்தை வேண்டுமென்றே விலக்கி வைக்க வேண்டிய நேரங்களும் உண்டு. பெண்ணின் காயம் சொல்லும் கதையோடு பொருந்தவில்லை, கணவரோ மாமியாரோ அவருக்குப் பதிலாகவே பேசுகிறார்கள் என்றால் எக்ஸ்ரே எடுக்க என்று சொல்லித் தனியே அழைத்துப் போய்க் கேளுங்கள். தற்கொலைக்கு முயன்றவரிடமும் தனியாக ஒருமுறை பேசியாக வேண்டும். அம்மா பக்கத்தில் இருந்தால் "தெரியாம குடிச்சிட்டேன்" என்பதற்கு மேல் வராது. தீக்காயத்தில் மாஜிஸ்திரேட் மரண வாக்குமூலம் எடுக்கும்போது பெற்ற தாய்கூட அந்த இடத்தில் இருக்கக் கூடாது. குழந்தை மீது பாலியல் வன்முறை என்ற சந்தேகம் வந்தால் போக்சோ சட்டப்படி தெரிவிப்பது நம் கடமை, குடும்பம் வேண்டாம் என்றாலும்.

சி.பி.ஆர்., அதாவது இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்க முயலும் சிகிச்சை, நடக்கும்போது உறவினரை உள்ளே விடலாமா என்பது நெடுநாள் விவாதம். அமெரிக்காவின் மிச்சிகனில் ஃபூட் மருத்துவமனை 1982-இல் இதை முறையாகத் தொடங்கியது. பிரான்சில் 570 உறவினர்களை வைத்து நடத்தி 2013-இல் வெளியான ஆய்வில், பார்க்க வாய்ப்புத் தரப்பட்டவர்களைவிட வழக்கமான முறையில் விடப்பட்டவர்களிடம்தான் மூன்று மாதம் கழித்தும் மன அதிர்ச்சியின் அறிகுறிகள் அதிகம் தெரிந்தன. சிகிச்சைக்கும் இடைஞ்சல் வரவில்லை. ஆனால் அது வீடுகளில், ஆம்புலன்ஸ் குழு செய்த சி.பி.ஆர். அதை அப்படியே பதினைந்து ட்ராலி நிற்கும் நம் கேஷுவாலிட்டிக்குப் பொருத்த முடியாது.

நம் இடத்தில் செய்வதென்றால் நிபந்தனைகள் இவை. ஒருவரை, அதிகம் போனால் இருவரை. வற்புறுத்தாமல் கேட்டுவிட்டு. உள்ளே வருமுன் என்ன தெரியும் என்று சொல்லிவிட்டு: "நெஞ்சை அழுத்திட்டு இருக்காங்க, வாயில குழாய் இருக்கும், சட்டையைக் கிழிச்சிருப்பாங்க. தாங்க முடியலைன்னா எப்ப வேணா வெளிய வந்துடலாம்." வேறு எந்த வேலையும் இல்லாத ஒரு ஊழியர் அவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். அப்படி ஒருவரை ஒதுக்க முடியாத இரவில் உள்ளே விடாதீர்கள், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே போய்ச் சொல்லுங்கள். நிறுத்தும் கட்டம் வரும்போதாவது ஒருவரை அழைத்துக் காலைத் தொட விடுங்கள். நிறுத்தலாமா என்று மட்டும் அவரிடம் கேட்காதீர்கள், அந்த முடிவு டாக்டருடையது.

மரணத்தைச் சொல்லும்போது உட்கார்ந்து, பேர் சொல்லி, "இறந்துட்டார்" என்ற சொல்லாலேயே சொல்லுங்கள். "முடியலை", "கைய விட்டுட்டோம்" என்றால் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்பார்கள். அதன்பின் அவர்கள் காதுபடப் "பாடி" என்ற சொல் வேண்டாம். போஸ்ட்மார்ட்டம் வேண்டிய வழக்கு என்றால் ஏன், யார் முடிவு செய்வது, போலீஸ் தாள் எங்கிருந்து வர வேண்டும், ஏறக்குறைய எத்தனை மணிக்கு உடலைத் தருவார்கள் என்பதை அழுகை அடங்கியதும் ஓடும் ஆளிடம் சொல்லுங்கள். ஊரில் குழி வெட்டவும் சொந்தங்களுக்குச் சொல்லவும் அவர்களுக்கு நேரம் தெரிய வேண்டும்.

"எழுதிக் குடுத்துட்டுக் கூட்டிட்டுப் போறோம்" என்பவர்களிடம் உடனே பேனாவை நீட்டாதீர்கள். ஏன் என்று ஒருமுறை கேளுங்கள். வீட்டில் குழந்தைகள் தனியாக இருப்பது, பக்கத்து ஊரில் மந்திரிப்பவர், உள்ளே ஒன்றும் நடக்கவில்லை என்ற எண்ணம் என்று காரணம் வரும். பாதிக்கு அங்கேயே வழி உண்டு. அப்படியும் போனால் மருந்துச் சீட்டும், எந்த அறிகுறி வந்தால் திரும்பி வர வேண்டும் என்ற தாளும் கையில் போகட்டும். வேறு மருத்துவமனைக்கு 108-இல் அனுப்பும்போது எந்த மருத்துவமனை, எந்தப் பிரிவு, எந்த வாசல் என்று எழுதிக் கொடுங்கள். வண்டியில் ஒருவர்தான் போவார், மற்றவர்கள் பைக்கில் பின்னால் வருவார்கள். ஸ்கேன் பிலிம் யார் கையில் இருக்கிறது என்று வண்டி கிளம்புமுன் பார்த்துவிடுங்கள், பைக்கில் வருபவரிடம் இருந்தால் பிடுங்கி வண்டியில் போடுங்கள்.

தலையில் அடிபட்டு, ஸ்கேன் சரியாக இருந்து வீட்டுக்குப் போகிறவருடன் 24 மணி நேரம் பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, குழப்பமான பேச்சு, எழுப்பினால் எழாத தூக்கம், வலிப்பு, கை கால் பலவீனம், மூக்கிலோ காதிலோ நீர் வடிவது இதில் ஒன்று வந்தாலும் அந்த நிமிடமே திரும்பி வர வேண்டும். மதுவும் தூக்க மாத்திரையும் கூடாது. இந்தத் தாளை நோயாளியிடம் கொடுத்துப் பயனில்லை, குழம்பப் போவது அவர்தான். உள்ளே நின்ற ஆளிடம் கொடுங்கள்.

இரவு டியூட்டியில் இதை யார் செய்வது என்றால், ஷிப்ட் தொடங்கும்போதே ஒருவர் பெயரை வெள்ளைப் பலகையில் எழுதிவிடுங்கள்: "குடும்பத் தகவல் – இன்னார்". அதன்கீழே நான்கு கட்டம்: படுக்கை எண், உள்ளே இருக்கும் உறவினர், செல், அடுத்த தகவல் நேரம். ஷிப்ட் மாறும்போது மருந்து விவரத்தோடு இந்தப் பலகையையும் வாசித்து ஒப்படையுங்கள். காலை ஏழரைக்குப் புதிதாக வந்தவர் மறுபடி முதலிலிருந்து "நீங்க யாரு, எப்ப வந்தீங்க?" என்று கேட்டால், இரவெல்லாம் பொறுமையாக இருந்தவரும் அந்த இடத்தில்தான் வெடிப்பார்.